நகராத ஒன்றில் கட்டவும்

செப்டம்பர் 30, செவ்வாய்

பருவத்தின் முதல் பெரிய மழை நேற்று. இன்று ஜீப் பன்னிக்குழியில் புதைந்தது. புதையும் என்று தெரியும். முதல் மழைக்கே புதையும் என்று தெரியாது.

என் தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு இறங்க ஒரே ஒரு மண்பாதை. என் நிலத்துக்கும் தம்பி குமரவேலின் நிலத்துக்கும் நடுவே, எல்லையை ஒட்டியே போகிறது. பாதி வழியில் ஒரு வளைவு. காட்டுப்பன்றிகள் புரண்டு புரண்டு அதைக் குழியாக்கி வைத்திருக்கின்றன. வாழைத்தார் பாரத்தோடு ஜீப் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. பின்னால் நின்று தள்ளிய ஒச்சம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும் தாயி, கண்ணு ஒண்ணாச்சும் மிச்சம் இருக்கட்டும்" என்றாள். தோட்டத்து ஆட்களுக்கு அவள்தான் தலைவி. எனக்கும் என்று அவள் நினைப்பு.

குமரவேல் டிராக்டரில் வந்தான். நான் கூப்பிடவில்லை.

"என்னக்கா, நின்னுருச்சா?"

"ஓய்வெடுக்குது."

"எடுக்கட்டும். சங்கிலி மாட்டவா, இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா?"

ஒரே இழுப்பில் வெளியே வந்தது. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

வைகாசியில் பாகம் பிரித்தபோது அப்பாவின் டிராக்டர் அவனுக்கு, அப்பாவின் ஜீப் எனக்கு என்று ஆனது. இரண்டில் அழகானது எனக்கு வந்ததாக அன்று சந்தோஷப்பட்டேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் குடும்பநல நீதிமன்றத்தில் இன்னொரு பாகப்பிரிவினை முடிந்திருந்தது. அதில் எனக்கு வந்தவை புத்தக அலமாரி ஒன்றும் நிம்மதியும்.

பத்திரம் பதிந்த அன்று, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே டீ குடித்தபடி குமரவேல் சொன்னான்: "ஒரு மழைக்காலம் பாருக்கா. தையில பேசுவோம். முடிஞ்சா உன்பாடு. முடியலைன்னா ரெண்டையும் சேர்த்தே பாத்துக்கலாம்."

சேர்த்தே என்றால் யார் கையில் என்று எனக்குத் தெரியாதா? மதுரையில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள், மலையில் தோட்டம் பார்க்க முடியாது என்பதைத் தம்பிமார்கள் இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். சரி என்றேன்.

ஆக, விதி இதுதான். தை பிறக்கும்வரை, வாராவாரம் என் வாழைத்தார் வத்தலக்குண்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அவன் டிராக்டர் என் ஜீப்பைத் தொடக்கூடாது. தொட்டால் தோட்டத்தை அவனிடம் விட்டுவிட வேண்டும். இந்த விதியை அவன் போடவில்லை, நான் போட்டுக்கொண்டேன். விதி விதிதான்.

இன்றைய இழுப்பு கணக்கில் வராது. விதியை இப்போதுதானே எழுதுகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

போனில் வீடியோ பார்த்தே பொழுது போனது. எங்கோ ஒரு பனிநாட்டில் ஒரு பெண். அவளுடைய ஜீப்பும் புதைந்திருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு மின்சார உருளை. அதிலிருந்து கம்பி வடத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறாள், ஒரு மரத்தில் கட்டுகிறாள், கையிலிருக்கும் ரிமோட்டை அமுக்குகிறாள். வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலேறுகிறது. டிராக்டர் இல்லை. தம்பி இல்லை.

அதற்குப் பெயர் வின்ச். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அக்டோபர் 8, புதன்

வத்தலக்குண்டில் ஜாபரின் பட்டறை. அப்பா காலத்திலிருந்து இந்த ஜீப்பின் வைத்தியர் அவர்தான். வின்ச் மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"மேடம், நான் மாட்டாத வின்ச்சா?"

"எத்தனை மாட்டிருக்கீங்க?"

"இது முதல்." கொஞ்சமும் கூச்சமில்லை. "ஆனா வீடியோ எல்லாம் பாத்தாச்சு."

நானும் அதே வீடியோவைத்தான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. இருவருக்கும் மரியாதை இருக்கட்டும்.

அக்டோபர் 11, சனி

பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுத்தேன், வளைவைச் சரிசெய்யச் சொல்லி. வாங்கி ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார்கள். மேலே வைக்கலாமே என்றேன். அடியில்தான் காற்றுக்குப் பறக்காது என்றார் எழுத்தர்.

அக்டோபர் 16, வியாழன்

மாட்டியாகிவிட்டது. காலையிலிருந்து மாலைவரை பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கையில் வின்ச்சோடு வந்த சிறு புத்தகம். ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. நூலகத்தில் இத்தனை வருடம் இருந்தும் எந்தப் புத்தகத்தையும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

முதல் தகராறு, எதில் பொருத்துவது என்பதில். பம்பரிலேயே மாட்டிவிடலாம் என்றார் ஜாபர். பம்பர் அழகுக்கு இருப்பது, இழுத்தால் அதுமட்டும் கழன்று போய் மரத்தடியில் கிடக்கும், அடிச்சட்டத்தில்தான் மாட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது என்றேன்.

"புத்தகம் சொல்லும் மேடம். புத்தகத்துக்கு என்ன, அதுவா குனிஞ்சு வெல்டிங் பண்ணப் போகுது?"

ஆனாலும் குனிந்தார். பழைய பம்பரைக் கழற்றிவிட்டுக் கனமான இரும்புத் தகடு ஒன்றை வெட்டி, அடிச்சட்டத்தின் இரண்டு நீள இரும்புகளிலும் சேர்த்துப் போல்ட் போட்டார். அதன்மேல் வின்ச் உட்கார்ந்தது. பிறகுதான் நம்பர் பிளேட்டுக்கு இடமில்லை என்று தெரிந்தது. அதை ஒரு பக்கமாக நகர்த்தியதும் இண்டிகேட்டர் மறைந்தது. அதற்கு வழி செய்ததும் ஹார்ன் அடிக்கவில்லை. "காட்டுல யாருக்கு மேடம் ஹார்ன்?" என்றார். பன்றிகளுக்கு என்றேன். சரிசெய்து கொடுத்தார்.

பழைய பேட்டரி தாங்காது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. பெரிய பேட்டரி ஒன்று சீட்டுக்கு அடியில் போனது. கட்டைவிரல் தடிமனில் சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு வயர்கள், எங்கும் உரசாமல் ரப்பர் குழாய்க்குள் முன்பக்கம் வந்து சேர்ந்தன.

கடைசியில் வடத்தை உருளையில் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் பாரம் வரும்போது சுற்றுக்குள் சுற்று புதைந்து சிக்கிக்கொள்ளுமாம். பாரத்தோடுதான் சுற்ற வேண்டும். எதிரே இருந்த புளியமரத்தில் கொக்கியை மாட்டினோம். நான் பிரேக்கில் லேசாகக் கால் வைத்து உட்கார்ந்தேன், ஜாபர் ரிமோட்டை அமுக்கினார். கியர் நியூட்ரலில் இருந்தது. ஜீப் மெதுவாக, யாரும் தள்ளாமல், புளியமரத்தை நோக்கிப் போனது. ஒவ்வொரு சுற்றும் அடுத்ததன் பக்கத்தில் ஒழுங்காகப் படுத்தது. சிரித்தேன் போலிருக்கிறது. ஜாபர் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், இனிமே உங்களுக்கு ஒருத்தரும் தேவையில்ல."

வீட்டுக்கு வந்து புத்தகத்தின் எச்சரிக்கைப் பகுதியை மறுபடி படித்தேன். இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. தனியாக ஒருபோதும் இயக்காதீர்கள். நகராத ஒன்றில் கட்டவும்.

முதல் வரி பொதுவான எச்சரிக்கையாக இருக்கும்.

அக்டோபர் 20, தீபாவளி

குமரவேல் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. என் வீட்டிலிருந்து முறுக்கு போனது. இரண்டையும் சுமந்து போனவள் ஒச்சம்மா. இரண்டு பக்கமும் அவளே தின்று பார்த்துத் தீர்ப்பு சொன்னாள்: அதிரசம் ஜெயித்துவிட்டது.

அக்டோபர் 23, வியாழன்

பன்னிக்குழியில் யாரோ ஜல்லி கொட்டி நிரவியிருக்கிறார்கள். டிராக்டர் டயர் தடம் இருக்கிறது. மனுவுக்குப் பலன். பஞ்சாயத்தைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தவறு. நன்றிக் கடிதம் எழுதிப் போட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

"தம்பிக்கு இடுப்புப் பிடிச்சிருக்காம், வளைஞ்சே நடக்குது" என்றாள் ஒச்சம்மா. மழைக்காலம், எல்லோருக்கும் எங்காவது பிடிக்கும் என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஜல்லியெல்லாம் ஒரே மழையில் கீழே போய்விட்டது. ஜீப் வழக்கமான இடத்தில் நின்றது. மனத்துக்குள் ஒரு சந்தோஷம், பரீட்சைக்கு நன்றாகப் படித்தவளுக்கு வருமே அது.

வளைவின் மேல்புறம் பாறையொன்று கொஞ்சம் தலைகாட்டுகிறது. வின்ச்சோடு வந்த நாடாப் பட்டையை அதில் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். வடம் அறுந்தால் சாட்டையாக வீசும் என்பதால் நனைத்த சாக்கு ஒன்றை அதன்மேல் போட்டேன். ஒச்சம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். ரிமோட்டை அமுக்கினேன். வடம் இறுகியது, ஜீப் ஒரு பெருமூச்சோடு அசைந்தது. வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. நின்றது.

இன்ஜினை ஓட விட்டபடிதான் வின்ச்சை இயக்க வேண்டும். நான் அணைத்திருந்தேன். வடம் இறுகும் சத்தத்தைக் கேட்க ஆசையாக இருந்தது. பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது. இப்போது இழுக்கவும் முடியாது, இன்ஜினைக் கிளப்பவும் முடியாது. முன்பு புதைந்த ஜீப் இருந்தது. இப்போது கட்டிப்போட்ட புதைந்த ஜீப் இருக்கிறது.

டிராக்டர் வந்தது. குமரவேல் இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கினான். தைல வாசனை. எனக்குப் பரிதாபம் வர வேண்டும் என்று இப்படி இறங்குகிறானோ என்று தோன்றியது.

"என்னக்கா இது, முன்னாடி?"

"வின்ச்."

"நல்லாருக்கு." சுற்றி வந்து பார்த்தான். "இழுக்குமா?"

"இழுக்கும். இன்னைக்குக் கரண்டுப் பிரச்சனை."

"கரண்டா? நம்ம காட்டுலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சங்கிலியை மாட்டினான்.

மின்சாரக் கோளாறால் வரும் இழுப்பு விதிக்குள் சேராது. முன்பே எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்ஜின் ஓடியது. பேட்டரி நிறைந்திருந்தது. புத்தகத்தை முழுக்க அனுசரித்தேன். ஆனால் பாறைக்கு மேலிருந்து மண் சரிந்து அதை மூடிவிட்டிருந்தது. என் பக்கம் காப்பிச்செடிகள், அவற்றுக்கு நிழலுக்காக வைத்த கல்யாண முருங்கைகள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகள். ஒரு கல்யாண முருங்கையில் கட்டினேன்.

கல்யாண முருங்கை முள் வைத்துக்கொண்டு மிரட்டும், உள்ளே வெறும் பஞ்சு. இத்தனை வருடம் பார்த்த மரம், இன்றுதான் தெரிகிறது. ரிமோட்டை அமுக்கியதும் மிளகுக்கொடியோடு சேர்ந்து வந்து ஜீப்பின் மூக்கில் சாய்ந்தது.

ஒச்சம்மா ஆட்களைக் கூட்டிவந்து, தார்களை இறக்கி, தள்ளி, மறுபடி ஏற்றினாள். மதியம் ஆகிவிட்டது. போனது ஒரு மரம், ஒரு மிளகுக்கொடி, பாதி நாள். டிராக்டர் வரவில்லை. ஆகவே வெற்றி.

ஜாபருக்குப் போன் செய்தேன்.

"நல்ல மரமாப் பாத்துக் கட்டணும் மேடம். பலா கிலா இல்லையா?"

"வளைவுலயே இருக்கு. பெரிய பலா."

"அப்புறம் என்ன?"

"அது எல்லைக்கு அந்தப் பக்கம். என் தம்பி மரம்."

"மரம்தானே மேடம்" என்றார்.

யாருக்கும் இது புரிவதில்லை. அவன் பலாவில் கட்டுவதற்கும் அவன் டிராக்டரில் கட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். ஜீப் எங்கும் நிற்காமல் போய் வந்தது. வின்ச் முன்னால் பளபளவென்று சும்மா இருந்தது. ஏமாற்றமாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

டிராக்டர் சத்தம் இப்போதெல்லாம் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் என் ஜீப் கிளம்பும் நேரத்துக்கு அதுவும் தற்செயலாகக் கிளம்பி வளைவுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கும். இரண்டு வாரமாக அதுவும் இல்லை. ஒதுங்கிக்கொண்டான் போலிருக்கிறது. நிம்மதி.

நவம்பர் 19, புதன்

நிம்மதிதான். அடிக்கடி காது கொடுத்துப் பார்ப்பது பழக்கத்தால்.

நவம்பர் 29, சனி

நான்கு நாளாக விடாத மழை. போன செவ்வாய் லோடு போகவில்லை. விடாத மழை வாரம் விதிக்குள் சேராது. வெட்டிய தார்கள் கொட்டகையில் பழுக்கத் தொடங்கிவிட்டன. வியாபாரி போனில் மிகவும் மரியாதையாகப் பேசினார். "கார்த்திகைக்குக் காய் வேணும் மேடம். இந்தச் செவ்வாயும் வரலைன்னா நான் வேற தோட்டத்துல பேசிக்கிறேன். தப்பா நினைக்காதீங்க." வேறு வியாபாரி இந்த மழையில் எனக்குக் கிடைக்க மாட்டார். செவ்வாய் காய் இறங்கவில்லை என்றால் தை வரை காத்திருக்க வேண்டியதில்லை. நானே போய்க் குமரவேலிடம், எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன தாயி?" என்றாள் ஒச்சம்மா. "பலாமரத்துக்குத் தெரியவா போகுது, கட்டுறது யாருன்னு?"

மரத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 2, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜீப் வளைவில் அச்சுவரை புதைந்தது. பாறை மண்ணுக்கு அடியில். கல்யாண முருங்கைகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சேற்றில் நின்று சுற்றிலும் பார்த்தேன். நகராத ஒன்று வேண்டும். என்னுடையதாக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் அவனுடையதாக மட்டும் இருக்கக் கூடாது.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வளைவின் மேட்டில், பலாவுக்குப் பக்கத்தில், எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவில் சர்வேயர் ஊன்றிய எல்லைக் கல். கருங்கல். மண்ணுக்கு மேலே முழங்கால் உயரம், கீழே எவ்வளவோ. அதை நகர்த்தினால் தண்டனை உண்டு என்று ஊன்றிய அன்றே சர்வேயர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். சட்டப்படி நகரக் கூடாத பொருள். அதைவிட நகராதது இந்த மலையில் வேறு என்ன இருக்கிறது? இப்படித்தான் யோசித்தேன். படித்தவள்.

பட்டையைக் கல்லில் சுற்றினேன்.

"தாயி, அது கவுர்மெண்டுக் கல்லு."

"அதனாலதான் ஒச்சம்மா."

"அதனாலயா?" என்று சொல்லி அவள் மிகவும் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

சாக்கை நனைத்துப் போட்டேன். இன்ஜினை ஓட விட்டேன். கதவோரமாக நின்று அமுக்கினேன். வடம் விறைத்தது. ஜீப் அசையவில்லை. கல் அசைந்தது. முதலில், யாரோ கூப்பிட்ட மாதிரி என் பக்கம் லேசாகச் சாய்ந்தது. பிறகு, மழையில் ஊறிய மண் ஒரு சத்தம் போட்டு அதை விட்டுவிட்டது. நான் விரலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. கல் சேற்றில் சறுக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. வந்து வின்ச்சுக்குக் கீழே சமர்த்தாகப் படுத்தது.

ஒச்சம்மா மட்டும் ரொம்ப நேரம் சிரித்தாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. பின்னால் தார்கள் நனைந்துகொண்டிருந்தன. ஜீப்பின் படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். குமரவேலின் எண்ணைத் தேட வேண்டியிருந்தது. வைகாசிக்குப் பிறகு நான் அவனைக் கூப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் அவன்தான் வந்து நின்றிருக்கிறான். இன்று வரவில்லை.

"குமரு."

"என்னக்கா?"

"எல்லைக்கல்லு வந்துருச்சு."

"எங்க வந்துருச்சு?"

"ஜீப்புக்கு."

அவன் நடந்து வந்தான். இடுப்பில் அகலமான பெல்ட், கையில் கம்பு. பின்னாலேயே அவன் மனைவி அமுதா, குடையை அவனுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி. "எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு அண்ணி, கேக்குறாரா பாருங்க. தீபாவளி முடிஞ்சு ஜல்லி அள்ளிக் கொட்டுனதுல பிடிச்சது, இன்னும் விடல."

எந்த ஜல்லி என்று நான் கேட்கவில்லை.

குமரவேல் கல்லைப் பார்த்தான். கல் இருந்த குழியைப் பார்த்தான். குழியில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.

"இத ஊனுறதுக்கு ரெண்டு ஆளு அரை நாளு தோண்டுனாங்க."

"தெரியும்."

"நீ பட்டன அமுக்கி எடுத்துட்ட."

"நான் எடுக்கல. அதுவா வந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்க்கா, சிரிக்க வைக்காத, உயிர் போகுது." அமுதாவுக்கும் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

"சரி, பலாவுல கட்டு" என்றான்.

"அது உன் மரம்."

"யாரு சொன்னா?"

"அந்தப் பக்கம் இருக்குல்ல."

"எந்தப் பக்கம்? கல்லக் காணோமே."

பட்டையைப் பலாவில் சுற்றினேன். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். ரிமோட் அவன் கையில். மெதுவாக, மெதுவாக என்று நான் கத்த, தெரியும், தெரியும் என்று அவன் கத்தினான். ஜீப் வந்தது. சேறு சக்கரங்களை ஒவ்வொன்றாக விட்டது. மேட்டில் ஏறி நின்றபோதுதான் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருந்த அந்த முதல் வரி ஞாபகம் வந்தது.

காய் வத்தலக்குண்டில் இறங்கியது. வியாபாரி பழுத்ததை ஒதுக்கினார், மற்றதை எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமும் வாங்க என்றார்.

டிராக்டர் ஜீப்பைத் தொடவில்லை. மரத்தைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

டிசம்பர் 3, புதன்

கல்லைத் திரும்ப ஊன்றப் போனோம். ராத்திரி பன்றிகள் வந்துபோயிருக்கின்றன. கல் இருந்த குழி எது, பன்றி தோண்டிய குழி எது என்று தெரியவில்லை. மேடு முழுவதும் குழி.

"இங்கதான் இருந்துச்சு" என்றேன்.

"இல்லக்கா, உன் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி."

"அது எப்படி என் பக்கம்?"

நன்றாகச் சண்டை போட்டோம். பாகம் பிரித்தபோதுகூட இப்படி வாய்விட்டுப் போடவில்லை. தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் அமுதா இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

மறு அளவைக்கு மனு எழுத வேண்டும். என் பெயரில் எழுதுவதா அவன் பெயரில் எழுதுவதா என்பதில் இன்னொரு சண்டை. இருவர் பெயரிலும் எழுதினோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

திரும்பி வரும்போது காலி ஜீப் மேட்டில் வழுக்குகிறது. பின்னால் பாரம் வேண்டும் என்றான் குமரவேல். கல் அங்கேயே கிடந்தது. ஆட்கள் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். வழுக்கவில்லை.

அவனால் டிராக்டரில் உட்கார முடியாததால் அவன் காயும் என் ஜீப்பில்தான் போனது. அவனும் வந்தான், திண்டுக்கல்லில் டாக்டரைப் பார்க்க. வழி முழுக்க என் கியர் மாற்றத்தைக் குறை சொன்னான். வியாபாரி தார்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே தோட்டமா?" என்று கேட்டார்.

இல்லை என்றோம், இருவரும் ஒரே குரலில்.

ஜனவரி 15, வியாழன்

தை பிறந்துவிட்டது. பொங்கல் அவர்கள் வீட்டில்.

"பேசலாம்னு சொன்னியேடா" என்றேன்.

"என்ன பேசுறது? முடிஞ்சிருச்சுல்ல உனக்கு. உன்பாடு."

"முடியாம இருந்தா? சேர்த்துப் பாத்துக்கலாம்னு சொன்ன. யாரு பாக்குறதா நினைச்ச?"

என்னை விசித்திரமாகப் பார்த்தான். "நீதான். எனக்கு யாவாரிகிட்டப் பேச வருமா, கணக்குத்தான் வருமா? நான் ஓட்டுறேன், நீ பாத்துக்கன்னு தானே சொன்னேன்."

அப்படிச் சொல்லவில்லை. டீக்கடைச் சத்தத்தில் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த வின்ச்சை வாங்கியிருக்க மாட்டேன். நல்லவேளை.

ஜனவரி 20, செவ்வாய்

தையில் பெய்யக் கூடாது. பெய்தது. வத்தலக்குண்டிலிருந்து திரும்பும்போது சர்வேயர் அலுவலகத்திலிருந்து போன். மனு கிடைத்ததாம். அடுத்த மாதம் வருகிறார்களாம்.

"பழைய கல்லு இப்ப எங்கம்மா இருக்கு? யாரும் எடுத்துட்டுப் போயிடலையே?"

திரும்பிப் பார்த்தேன். ஜீப்பின் பின்பக்கம் ஒச்சம்மா அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லையிலதான் சார் இருக்கு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஜீப் அப்போது பன்னிக்குழியில் புதைந்துதான் நின்றது. குமரவேல் பலாவில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.